எமரன்சியாவின் பின்னால் வந்த கடல்

சிப்பித்துறையை விட்டுக் கடல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மீன் ஏலம் முடிந்து பெண்கள் பெட்டிகளைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில். ஓர் அலை வந்தது, மணலைத் தொட்டது, திரும்பிப் போனது, அதன்பின் அடுத்த அலை வரவில்லை. தண்ணீர் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. நங்கூரமிட்டு நின்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் தரைதட்டிச் சாய்ந்தன, மீன்கள் சேற்றில் துள்ளின, அவற்றைப் பொறுக்க ஒருவரும் போகவில்லை. ஏனென்றால் முன்பொரு முறை கடல் இப்படித்தான் பின்வாங்கி, அரைமணி நேரத்தில் திரும்பி வந்து, நாற்பது வீடுகளை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அதைக் கண்ணால் கண்டவர்களும் காதால் கேட்டவர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களைக் கட்டிலோடு சுமந்துகொண்டு, பனங்காட்டு மேட்டுக்கு ஓடினார்கள். அங்கே மூன்று நாள் இருந்தார்கள். மூன்று நாளும் ஜெபமாலை சொன்னார்கள், மூன்று நாளும் தெற்கே பார்த்தார்கள், தெற்கே மணல் மட்டும்தான் இருந்தது. நான்காம் நாள் பசி பொறுக்காமல் இறங்கி வந்து அடுப்பு மூட்டினார்கள்.

கடல் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஆண்கள் ஆறு பேர் கிளம்பினார்கள். நான்கு மணி நேரம் நடந்தும் தண்ணீரைக் காணாமல், கொண்டுபோன குடிதண்ணீரும் தீர்ந்து, நாக்கு ஒட்டிப்போய்த் திரும்பினார்கள். அதிகாரிகள் வந்தார்கள், கம்பி நட்டு அளந்தார்கள், கடல் தற்காலிகமாக இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். பக்கத்து ஊர்க் கரைகளில் கடல் அதனதன் இடத்தில் இருந்தது, சிப்பித்துறையில் மட்டும்தான் இல்லை. மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வதைப்போல ஊர் அதற்கும் பழகியது. வலை பின்னிய கைகள் செங்கல் சூளைக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் போயின. கடலடித் தரையில் ஆடுகள் மேய்ந்தன, பெண்கள் அங்கே துணி உலர்த்தினார்கள், ஞாயிறு பூசை முடிந்ததும் குடும்பம் குடும்பமாய் மணலில் நடந்து முன்பு ஆழமாயிருந்த இடங்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மார்சல் என்றொரு மீனவர், ஐம்பத்தைந்து வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், கரையிலிருந்து ஒரு மைல் தள்ளிப் பழைய பாய்மரத்தை நடுக்காலாக நாட்டி ஒரு டீக்கடை போட்டு அங்கேயே குடியும் இருந்தார். அவரைப் பார்த்து இன்னும் பன்னிரண்டு குடும்பங்கள் அங்கே ஓலைக் குடிசை கட்டிக்கொண்டன. கரையில் இடமில்லாமல் ஒரே வீட்டில் மூன்று அடுப்பு எரித்தவர்கள் அவர்கள். கடல் விட்டுப்போன இடத்தை ஆண்டவர் தந்ததாகவே எடுத்துக்கொண்டார்கள்.

எமரன்சியா அந்தத் தரையில் வேறொன்றைத் தேடிப் போனாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. தலைச்சுமையாக மீன் விற்பவள், பிள்ளை இல்லாதவள். கடல் போவதற்குப் பதினான்கு மாதம் முன்பு ஒரு புயலில் அவள் கணவன் கஸ்பார் வள்ளத்தோடு போனான். உடல் வரவில்லை. கோயிலின் மேற்குச் சுவரில் ஒரு கல் உண்டு, கடலில் போய் உடல் கிடைக்காதவர்களின் பெயர்களை அதில் வெட்டியிருப்பார்கள். ஏழு பெயருக்குக் கீழே எட்டாவதாகக் கஸ்பாரின் பெயரை வெட்டினார்கள். உளிச் சத்தம் கேட்ட அன்றிலிருந்து எமரன்சியா ஜெபம் சொல்லுவதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவாள், பெண்கள் பக்கம் கடைசியில் உட்காருவாள், எல்லாரும் பதில் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டிருப்பாள். இதைக் கவனித்த பங்குச்சாமியார் ஹிலாரி ஒருநாள் அவளை நிறுத்திக் கேட்டார்.

"நான் அவருகிட்டப் பேசுகதில்ல சாமி," என்றாள். ஆண்டவரைத்தான் சொன்னாள்.

சாமியார் கண்டிக்கவில்லை. பேச வேண்டாம், வந்து இருந்துவிட்டுப் போனால் போதும் என்று மட்டும் சொன்னார். அவருக்கும் அந்தப் புயலுக்குப் பிறகு பிரசங்கம் சரியாக வராமல்தான் இருந்தது.

கடல் போன எட்டாம் நாள் எமரன்சியா ஒரு குப்பி தண்ணீரையும் ஒரு வெள்ளைத் துணியையும் எடுத்துக்கொண்டு விடியுமுன் தெற்கே நடந்தாள். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினாள். மறுநாளும் போனாள். பத்தாம் நாள் துணியில் எதையோ முடிந்து வந்தாள். அவிழ்த்தபோது சில எலும்புகளும், நைலான் கயிற்றில் கோத்த அந்தோணியார் பதக்கம் ஒன்றும் இருந்தன. பதக்கத்தின் பின்புறம் ஆணியால் கீறிய எழுத்தை வைத்து, அது நாற்பத்தைந்து வருடம் முன்பு போன ஒருவருடையது என்று கண்டுபிடித்தார்கள். அவருடைய மகள் பேரப்பிள்ளை எடுத்திருந்தாள். அப்பாவின் முகம் அவளுக்கு நினைவில் இல்லை. ஆனாலும் கோயில் மணி அடித்தார்கள், சவப்பெட்டி செய்தார்கள், ஊர் முழுக்கக் கல்லறைத்தோட்டத்துக்கு நடந்தது. அந்த மகள் எமரன்சியாவின் உள்ளங்கைகளைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விடாமல் இருந்தாள்.

அதன்பின் ஊர் அவள் போக்குக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொண்டது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஒரு பெண் முதல் பாறையின் நிழலில் ஒரு பானைத் தண்ணீர் வைத்தாள், இன்னொருத்தி அதற்கப்பால் ஒரு பானை வைத்தாள், அவள் தேடல் நீள நீளப் பானைகளும் நீண்டன. சாயங்காலமானால், பெயர்க்கல்லில் ஆள் உள்ள வீட்டார் பழைய கரையில் வந்து நின்று, அவள் உருவம் மணலில் சிறிதாகத் தெரிவதையும், தோளில் முடிச்சு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இல்லையென்றால் ஒன்றும் கேட்காமல் கலைந்து போவார்கள். இருந்தால் யாராவது ஒருவர் போய் மணிக்கயிற்றைப் பிடிப்பார். மார்சலின் தம்பிகள் இருவரையும் ஒரே வலைக்குள் கண்டு இரண்டு நாளாகச் சுமந்து வந்தாள். இப்படியே ஐந்து மாதத்தில் ஆறு பேரைக் கொண்டுவந்தாள். கஸ்பாரை மட்டும் காணவில்லை.

ஏழாவதாகக் கிடைத்தவன் பிலோமியின் கணவன்.

பிலோமி கஸ்பாரின் அக்காள், எமரன்சியாவைவிட ஐந்து வயது மூத்தவள், பன்னிரண்டு வருடமாக விதவை. அதிகம் பேசாதவள். விடியற்காலையில் கரையோரச் சிலுவை நிற்கும் குருசடியில் மெழுகுதிரி ஏற்றி நிற்பவள், பிறகு நாள் முழுக்கக் கருவாடு உலர்த்துபவள். அடக்கம் முடிந்து எல்லாரும் போனபின் அவள் எமரன்சியாவுக்குக் கஞ்சி ஊற்றி முன்னால் வைத்தாள். எமரன்சியா தொடவில்லை. உடம்பெல்லாம் வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, பாதம் வெடித்துப்போய் இருந்தாள். பிலோமி எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பன்னெண்டு வருசம் நான் எப்பிடி எழும்பி நடந்தேன்னு நெனைக்குற?" என்றாள். "ஒவ்வொரு நாளும் காலையில, இன்னைக்கு ஒரு நாளைக்குத் தாங்குகதுக்குப் பெலன் தாரும்னு கேப்பேன். நாளைக்குள்ளத கேட்டதில்ல. கேட்ட ஒரு நாளும் அவரு இல்லன்னு சொன்னதில்ல எமரன்சி."

"ஒனக்குக் கெடச்சிட்டு மைனி. நீ சொல்லுவ," என்றாள் எமரன்சியா.

பிலோமிக்கு அது வலித்திருக்க வேண்டும். ஆனால் அவள், தனக்குக் கிடைத்தது இன்றைக்குத்தான், கேட்கத் தொடங்கியது பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆறிய கஞ்சியை எடுத்துப் போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள். எமரன்சியா அதையும் குடிக்கவில்லை.

மறுநாள் கோபத்திலேயே நடந்தாள். இத்தனை நாளும் அவளைக் கோபம்தான் நடத்தியிருந்தது; எல்லார் வீட்டு ஆளையும் என் கையால் எடுக்க வைக்கிறீர், என் ஆளை மட்டும் ஒளித்துக்கொண்டீர் என்ற கோபம். கடைசிப் பானை இருந்த நெடும்பார் என்கிற பாறைத் திட்டை அடையும் முன்பே அந்தக் கோபம் தீர்ந்துபோயிற்று. விளக்கில் எண்ணெய் வற்றுவதுபோலத் தீர்ந்தது. கால்கள் மடங்கி உட்கார்ந்தாள். எழப் பார்த்தாள், முடியவில்லை. கைகளை ஊன்றினாள், கைகளும் கேட்கவில்லை. தலைக்கு மேலே வெயில் நின்றது, சுற்றிலும் ஆளில்லை, பானை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. இப்படியே கிடந்து செத்துப்போனால் என்னைத் தேடி யார் நடப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைவில் அழுகைகூட வரவில்லை. பத்தொன்பது மாதத்துக்குப் பின் அவள் வாயைத் திறந்தாள்.

"என்னால முடியல," என்றாள். "என் ஆளைத் தாரும்னு கேக்கல. அந்தப் பானை வரைக்கும் என்னை எழுப்பிவிடும்."

ஒளி ஒன்றும் வரவில்லை, குரல் ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து அவள் எழுந்தாள். பானைவரை நடந்தாள், தண்ணீர் குடித்தாள், பானையடியில் உட்கார்ந்து, வீடுவரை போக வேண்டும் என்று இன்னொரு முறை கேட்டாள். வீடுவரை போனாள். பிலோமியின் அடுக்களையில் நுழைந்து, இருந்த கஞ்சி முழுவதையும் குடித்துவிட்டு, மைனியின் மடியில் தலை வைத்து அப்படியே தூங்கிப்போனாள்.

அதற்குப் பிறகும் அவள் தேடப் போனாள். ஆனால் நடை மாறியிருந்தது. காலையில் குருசடியில் பிலோமியின் பக்கத்தில் நிற்பாள், அன்றைக்குள்ளதைக் கேட்பாள், கிளம்புவாள். வெடித்த பாதம் ஆறியது. கன்னத்தில் சதை வைத்தது. இறைத்து வற்றிய கிணற்றில் விடிவதற்குள் தண்ணீர் ஊறி நிற்பதைப்போல, சாயங்காலம் தீர்ந்துபோகிற பெலன் காலையில் இருந்தது. முன்பு நெடும்பாரோடு திரும்பியவள் இப்போது அதைத் தாண்டிப் போனாள். கடல் போய் ஏழாவது மாதத்தில் ஒருநாள், முற்பகல் பத்து மணி அளவில், அவள் கடலைக் கண்டாள்.

அது அலையில்லாமல் கிடந்தது. கிழக்கும் மேற்கும் கண் எட்டும் தூரம்வரை ஒரே கோடாக, கண்ணாடிபோலத் தெளிந்து, சத்தமில்லாமல் கிடந்தது. பத்துப் பாகம், அதாவது அறுபதடி தூரத்தில், அவள் ஆளுயரத்துக்கு மேலான தண்ணீருக்கடியில், ஒரு வள்ளம் சாயாமல் நிமிர்ந்து நின்றது. அதன் பக்கவாட்டில் ஓடிய நீலக்கோடு கோணலாக இருந்தது. அதை வரைந்தவள் அவள்தான். கை நடுங்கிக் கோணிப்போனதற்குக் கஸ்பார் ஒரு வாரம் கேலி செய்திருந்தான். வள்ளத்துக்குள் முன்முனையில், அணியத்தோரம், வலைக் குவியல் ஒன்று கிடந்தது. வலைக்கடியில் ஒரு சட்டையின் கை தெரிந்தது.

எமரன்சியா ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தாள். உடனே வெகுதூரத்திலிருந்து ஓர் உறுமல் வந்தது, நீர்ப்பரப்பு முழுவதும் ஒருமுறை நடுங்கியது, கணுக்காலில் நின்ற தண்ணீர் ஒரே இழுப்பில் முழங்காலுக்கு ஏறியது. அவள் காலைப் பின்னுக்கு எடுத்தாள். தண்ணீர் அடங்கியது. இன்னொரு முறை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே போனால் இது எழும்பிவிடும் என்று கடலோரத்தில் பிறந்த அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் கடல்தரையில் பன்னிரண்டு குடிசையும், மார்சலின் கடையும், மேய்கிற ஆடுகளும், ஆடுகளுக்குப் பின்னால் நடக்கிற மனிதர்களும் இருந்தார்கள். பத்துப் பாகத்தில் அவள் கணவன் இருந்தான்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. வள்ளத்தைப் பார்த்தாள், சட்டைக் கையைப் பார்த்தாள், பார்த்தது போதும் என்று தோன்றும்வரை பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"நான் தேடினது உம்ம கையிலதான் இருக்கு. அங்கேயே இருக்கட்டும். எனக்கு வீட்டுக்குப் போகப் பெலன் தாரும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு வடக்கே நடந்தாள். பத்தடி நடந்திருப்பாள், குதிகாலில் ஈரம் பட்டது. திரும்பினாள். கடல் அவளுக்குப் பின்னால் வந்திருந்தது. அவள் நின்றதும் அதுவும் நின்றது. மேலும் பத்தடி நடந்தாள், அதுவும் பத்தடி வந்தது. வேகமாக நடந்தபோது வேகமாக வந்தது, ஆகவே அவள் மெதுவாக நடந்தாள். கிழக்கிலும் மேற்கிலும் நீண்ட அந்தக் கோடு முழுவதும் அவள் காலடிக்குக் காலடி வந்தது. பாறைகளை மூடிக்கொண்டு வந்தது, நெடும்பாரை மூடியது, பெண்கள் வைத்த பானைகளை ஒவ்வொன்றாக உடைக்காமல் தூக்கி மிதக்கவிட்டுக்கொண்டு வந்தது. அவள் அதன்பின் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிவிடக்கூடாது, விழுந்துவிடக்கூடாது என்ற இரண்டை மட்டும் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

பிற்பகல் மூன்று மணிக்குக் குடிசைகளில் இருந்தவர்கள் முதலில் அவளைக் கண்டார்கள், பிறகு அவளுக்குப் பின்னால் வானத்துக்கும் மணலுக்கும் நடுவே இருந்ததைக் கண்டார்கள். அவள் நூறடி தள்ளி நின்றாள், கடலும் நின்றது. பதறாமல் எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு கரைக்குப் போகச் சொன்னாள், அதுவரை தான் நிற்பதாகச் சொன்னாள். பாத்திரங்களைக் கட்டினார்கள், ஓலைகளை அவிழ்த்தார்கள், குழந்தைகளையும் ஆடுகளையும் முன்னால் விட்டார்கள். கரையிலிருந்து ஆண்கள் ஓடிவந்து சுமந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு குடிசையும் வெறுந்தரை ஆயிற்று.

மார்சல் மட்டும் கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஹிலாரி சாமியார் வந்து கையைப் பிடித்து இழுத்தார், அவர் வரவில்லை. இந்தக் கடல் தன் இரண்டு தம்பிகளை எடுத்தது, இனி அதற்கு வழிவிட்டு ஒதுங்கித் தன்னால் வாழ முடியாது, வந்தால் வரட்டும் என்றார். சாமியார் அவர் கையை விட்டார். அவரும் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்துகொண்டார்.

எமரன்சியா நின்றாள். தண்ணீர் அவள் குதிகாலைத் தொட்டுத் தொட்டு நின்றது. அவளுக்குப் பின்னால் அது மெல்ல உயர்ந்துகொண்டிருப்பதைக் கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள், முதலில் அவள் இடுப்பளவு, பிறகு தோளளவு, ஆனால் ஒரு சொட்டும் அவளைத் தாண்டி விழவில்லை. பிலோமி கரையிலிருந்து அந்த ஒரு மைலையும் நடந்து வந்து அவள் பக்கத்தில், அவளைத் தொடாமல் நின்றாள். எமரன்சியாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. வெயில் சாய்ந்தது, இருவர் நிழலும் நீண்டு மார்சலின் காலடிக்குப் போயின.

மார்சல் அந்த நிழலைப் பார்த்தார், தலையைத் தூக்கி அவள் முழங்கால் நடுங்குவதைப் பார்த்தார். வரச்சொல்லி அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"என் தம்பிமார் ரெண்டு பேரையும் சுமந்த தோளு," என்றார் சாமியாரிடம். "இதுக்கு மேல அவளை நிக்க வைக்க எனக்கு மனசு வரல்ல." எழுந்து பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையைச் சாமியார் தூக்கினார். இருவரும் வடக்கே நடந்தார்கள்.

அவர்கள் கரையேறிய பிறகு எமரன்சியா பிலோமியோடு அந்தக் கடைசி மைலை நடந்தாள். பழைய அலைக்கோடு வந்ததும் கடல் நின்றது, அவள் நடையை நிறுத்தாமலேயே நின்றது. அவள் மேலே ஏறி மணலில் உட்கார்ந்தபோது அவளுக்குப் பின்னால் ஓர் அலை புரண்டு விழுந்தது, பிறகு அடுத்தது. ஏழு மாதமாக அந்தச் சத்தம் கேட்காத ஊர் அப்படியே மணலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

கஸ்பாருக்கு மறுநாள் பூசை வைத்தார்கள். பெட்டி வேண்டாம் என்று எமரன்சியா சொன்னாள். பிரசங்கத்தில், நமக்குச் சக்தி தருகிறவரை நம்பி நடப்பது என்றால் என்ன என்று நேற்றுத்தான் தான் பார்த்ததாகச் சொன்னார். அதோடு முடித்துக்கொண்டார். எமரன்சியா அழுதாள். பெண்களோடு சேர்ந்து எல்லாப் பதிலும் சத்தமாகச் சொன்னாள். துக்கம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. மறுநாளைக்கு வேண்டியதை மறுநாள் காலையில் கேட்டாள்.

ஏழு மாதம் வெயிலில் கிடந்த வள்ளங்கள் வெடித்து ஒழுகின. அவற்றை அடைத்துச் சரிசெய்யப் பத்து நாளாயிற்று. பதினோராம் நாள் ஐந்து வள்ளங்கள் போய்க் கொஞ்சம் சாளை மீனோடு வந்தன. எமரன்சியா ஒரு பெட்டி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தறியாத மேட்டு ஊர்களுக்கு நடந்தாள். அவள் கூவுகிற சத்தம் கேட்டு வீடுகளிலிருந்து சட்டியோடு பெண்கள் வந்தார்கள். தெருமுனை வீட்டுப் பெண் ஒருத்தி மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, உங்கள் ஊர்க் கடல் திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னார்களே, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"கெடக்கு," என்றாள் எமரன்சியா. "அது பாட்டுக்குக் கெடக்கு. எத்தனை மீன் போடட்டும்?"